நாற்பத்தோராம் தட்டு

"பஞ்சக்கா! உங்க தம்பி இன்னிக்கு வேத்துலகத்து மச்சானை மேடையேத்தப் போறாராமே? சம்பந்தம் பேசிடுவோமா?"

வாசல் காவலாளி வழக்கம்போல் வாயைக் கொடுத்தார். மற்ற நாளாக இருந்தால், "மச்சானுக்குக் கையும் கிடையாது காலும் கிடையாதாம். உட்கார்ந்தே சம்பளம் வாங்குற உமக்குத்தான் பொருத்தம்!" என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்து உள்ளே போனாள்.

விண்கலம் செய்யும் அந்த நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. கலத்தின் மூலை முடுக்கெல்லாம் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைப்பாள். குச்சியை வட்டத் தட்டிலுள்ள கூழில் தேய்த்து மூன்று நாள் வெதுவெதுப்பில் வைப்பாள். கூழில் புள்ளி முளைத்தால் கலத்தில் கிருமி ஒட்டியிருக்கிறது. முளைக்காவிட்டால் பதிவேட்டில் 'சுத்தம்' என்று கையெழுத்து. இன்னொரு உலகத்துத் தண்ணீரில் உயிரைத் தேடப் போகிறவர்கள், இங்கிருந்தே உயிரைச் சுமந்துகொண்டு போய்விடக் கூடாதே!

ஏழு வருஷத்துக்கு முன்பு, தொலைதூர நிலவு ஒன்றுக்குக் கலம் புறப்படத் தயாரானது. அந்த நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருந்தது. பனியைத் துளைத்து இறங்கும் குழாயின் நுனியில் தம்பி செய்த நுண்ணோக்கிக் கருவி. அம்மா போனபின் அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. அவன் மீசை முளைக்கும் முன்பே தொடங்கிய கனவு அது.

நாற்பது தட்டுகளும் சுத்தம். நாற்பத்தோராவதில் கடுகளவு ரோஜா நிறப் புள்ளி.

ஒரு புள்ளி முளைத்தாலும் கலத்தைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சுட வேண்டும் என்பது விதி. அதற்குப் பன்னிரண்டு நாள். கலம் கிளம்பவோ ஒன்பதே நாள். தவறவிட்டால் அந்த நிலவு வாகாக வர இன்னும் பதினோரு வருஷம்.

அவள் யோசித்தாள். துடைத்த அன்று முகமூடி நழுவியது. உறைபோட்ட கையால் சரிசெய்தாள். ஆக, முகத்துக் கிருமி கை வழியாகக் குச்சிக்குப் போயிருக்கிறது. தப்பு கையினுடையது, கலத்தினுடையது அல்ல! மறுபடி துடைத்துப் பார்த்திருக்கலாம்; அதற்குள் கலத்தை உறையிட்டு மூடிவிட்டார்கள். 'சுத்தம்' என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. அவள் மறைத்தது ஒரு புள்ளியை. ஆனால் அந்தத் தட்டை எரிக்க மட்டும் மனம் வரவில்லை. நாடா ஒட்டிக் குளிர்பெட்டியின் அடியில் சொருகிவைத்தாள்.

நேற்று சாயங்காலம் தம்பி கைபேசியை நீட்டினான். "நாளைக்கு மேடையில காட்டுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதக்கா. நம்ம கலம் போய் அந்தக் கடல்ல எடுத்த படம்." ரோஜா நிற உருண்டைகள், நாலு நாலாக ஒட்டியிருந்தன. அவளுக்கு நாற்பத்தோராம் தட்டு நினைவுக்கு வந்தது.

இன்று நிலையத்துக்குள் வந்ததும் தட்டைத் தேடியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். அதே ரோஜா. அதே நாலு.

நிலையத்து மாடியில், தன் ஆய்வறையில் தம்பி கண்ணாடிமுன் நின்றிருந்தான். "வாக்கா! மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?"

"உட்காருடா."

"உட்கார்ந்தா சட்டை கசங்கும். சொல்லு."

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். அதில் எழுதியிருந்த எண்ணையும் தேதியையும் படித்ததுமே அவன் முகம் மாறியது. தட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"என் கைத்தப்புன்னு நெனச்சேன்டா. முகமூடி நழுவிச்சு, கையால சரிபண்ணினேன்..."

"சரிபண்ணின கையால அப்புறம் எதைத் தொட்ட?"

ஏழு வருஷத்தில் ஒருநாளும் தன்னை அவள் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"துளைக்குற குழாயை," என்றாள்.

"எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாத."

"சொல்லலடா."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ கணினியைத் திறந்து பழைய படங்களைத் தள்ளத் தொடங்கினான்.

"இதைப் பாரு. முதல் நாள் படம்."

கறுப்புத் தண்ணீரில் மெல்லிய நூல்கள். நூற்றுக்கணக்கில்.

"என்னடா இது?"

"கண்ணாடில கீறல்னு எழுதி ஒதுக்கிட்டேன்." அடுத்த படம். "இது பத்தாம் நாள்." நூல்கள் பாதியாகியிருந்தன; சில வேறு பக்கம் வளைந்திருந்தன. இடையே ரோஜா நிறத் திட்டுகள். "இது இருபதாம் நாள்." ரோஜா மட்டும்.

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கீறல் எப்படிக்கா வளையும்? எப்படிக்கா அழியும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே யாரோ குடியிருந்திருக்கிறார்கள். இவள் முகத்திலிருந்து போனது அவர்களைத் தின்றிருக்கிறது.

கதவைத் தட்டி ஒரு குரல் கேட்டது: "சார், அஞ்சு நிமிஷம். எல்லா நாட்டுக்காரங்களும் வந்தாச்சு!"

"இன்னும் அங்க எங்கயாவது மிச்சம் இருக்குமாடா? வேற மூலையில?"

"கடல் ஒண்ணுதானக்கா. ஒரே தண்ணி." அவன் தட்டைக் கையில் எடுத்தான். "நீ வராத. வீட்டுக்குப் போ."

"என் பேரைச் சொல்லிடு. பதிவேட்டுல என் கையெழுத்துதான் இருக்கு."

"கீறல்னு எழுதினதுல யாரு கையெழுத்து?" என்று கேட்டுவிட்டு வெளியேறினான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கீழே சாப்பாட்டுக்கூடத்துத் தொலைக்காட்சிமுன் கூட்டம் முண்டியடித்தது. "பஞ்சக்காவுக்கு இடம் விடுங்கப்பா, தம்பியைப் பார்க்கட்டும்!" என்று யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடையில் தம்பி வந்தான். எழுதிவைத்த உரையைத் தொடவில்லை. கடுகளவு ரோஜா நிறப் புள்ளியுள்ள தட்டை உயர்த்திப் பிடித்தான். அங்கே கண்ட உயிரின் மாதிரியுரு அது என்று நினைத்து அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. சாப்பாட்டுக்கூடமும் தட்டியது. காவலாளி விசிலடித்தார்.

ஓசை அடங்கட்டும் என்று தம்பி ஒலிவாங்கிமுன் வாயைத் திறந்தபடி காத்துநின்றான். கைதட்டல் நிற்பதாக இல்லை.