ஊசி இல்லாத முக்காடு

பார்சல் ஆபீஸில் கட்டுப் போடுகிறவர் அவர். அவர் முடிச்சுப் போட்ட மூட்டை எத்தனை லாரி மாறினாலும் அவிழாது. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு மனைவியின் தலையில் ஒரு துணியை நிறுத்தத் தெரியவில்லை!

"துணி இருக்கட்டுங்க. ஊசி, கிளிப் எதுவும் கூடாது. உள்ள இருக்கிறது பெரிய காந்தம்" என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

"லேடீஸ் யாராவது எடுப்பாங்களா?"

"இன்னைக்கு ஷிஃப்ட்ல யாரும் இல்லையேங்க."

நல்ல மனுஷர்தான். கோபப்படவும் வழியில்லை. அதுதான் கொடுமை.

முந்தாநாள் விழுந்ததிலிருந்து மனைவிக்கு வலது பக்கம் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. பருவம் வந்த நாளிலிருந்து வேற்று ஆண் அவள் முடியைப் பார்த்ததில்லை. சிலிண்டர்காரர் மணியடித்தால், பால் பொங்கி வழிந்தாலும் சரி, முக்காடு போட்ட பிறகுதான் கதவைத் திறப்பாள்.

வார்டில் பக்கத்துக் கட்டில் பெண் குத்திவிட்டிருந்த ஊசிகளை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஐந்து! இத்தனை வருஷமும் வாசலில் நின்று "இன்னுமா ஆகல?" என்று கத்தத் தெரிந்ததே தவிர, அந்தத் துணி எப்படி நிற்கிறது என்று ஒரு நாளாவது பார்த்திருப்பாரா? இழுத்து முடிந்தார். வழவழத் துணி, நழுவியது. மறுபடி முடிந்தார், மறுபடி நழுவியது.

"நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கும்மா. குத்தமில்ல" என்றார் மனைவியிடம்.

அவளுக்குத் தெரியாததா? தெருப் பெண்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே!

எந்திரத்துக்குள் போனதும் துணி மொத்தமாகச் சரிந்தது. இடது கை மேலே போய்த் தேடியது. படம் கெட்டது. திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் கை போனது.

"அசைஞ்சா ஒண்ணும் தெரியாதுங்க. இந்தப் படத்தைப் பாத்துத்தான் டாக்டர் மருந்தை முடிவு பண்ணணும். இந்த மைக்ல நீங்களே சொல்லுங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்கேன்காரர், அவருடைய உதவியாள், வண்டி தள்ளி வந்தவர் என்று மூன்று ஆண்கள். எதிரே, உள்ளே இருக்கிற கேமராவின் டிவியில் அவள் நரைமுடி கலைந்து கிடந்தது. பார்ப்பதுதான் அவர்கள் வேலை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டினவர் யாரைப் போய் என்ன சொல்வார்?

மைக்கைப் பிடித்தார்.

"கையை இறக்கும்மா. முக்காடு சரியாத்தான் இருக்கு." மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "இங்க யாரும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன்."

உதவியாள் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கிப் பக்கத்தில் படிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும், பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கேட்டாள்.