மாப்பிள்ளை துப்பிய காப்பி

குணபூசணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். காப்பி பிரமாதம் என்றார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராது. காப்பியைக் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருந்திருந்தால், பிரிக்பீல்ட்ஸ் சண்முகரத்தினம் வீட்டுக் காப்பிக்கு இதற்குள் பிள்ளைகுட்டிகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் அந்தக் காப்பியைக் குணம் ஒருநாளும் போட்டதில்லை. அம்மா நேசம்மா போடுவார். "பிள்ளை போட்டது" என்று கூடத்தில் சொல்வார். குணத்தின் வேலை, தட்டைச் சாய்க்காமல் தூக்கிவருவது. இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கிறவளை நம்பி வீட்டில் ஒப்படைத்திருந்த பொறுப்பு அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவன் விக்னராஜா. கிள்ளானில் சின்னதாகக் கடை வைத்துக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறான். நல்ல குடும்பம், குடிப்பழக்கம் இல்லை. ஒரே ஒரு கறைதான். சர்வே டிபார்ட்மெண்டில் இருந்த அரசாங்க வேலையைத் தானாகவே விட்டுவிட்டான். ரயில்வேயில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ரிட்டையரான சண்முகரத்தினத்துக்கு இது ஜீரணமாகவில்லை. ஒருவன் ஜெயிலுக்குப் போய்வந்தான் என்றால்கூட அவர் காரணம் கேட்பார். பென்ஷனுள்ள வேலையை விட்டவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

"இதுவும் சரிவராட்டி தைப்பிங்குக்கு ஓம் எண்டு எழுதிப் போடுவன்," என்று முதல் நாளே அறிவித்திருந்தார்.

தைப்பிங் என்றால் அந்த ஊர்ப் பொன்னுத்துரை. மனைவியை இழந்தவர், மீசை முளைத்த இரண்டு மகன்கள், முழுப் பென்ஷன். பெண்ணை நேரில் பார்க்க வேண்டியதில்லை, போட்டோவே போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். குணத்துக்கு முப்பத்திரண்டு வயது. அந்த மீசைகள் தன்னை 'அம்மா' என்று கூப்பிடுவதை நினைத்து அவள் இரண்டு இரவு தூங்கவில்லை.

பெடரல் ஹைவேயில் வேன் மக்கர் பண்ணியதால் மாப்பிள்ளை தாமதமாக வந்தான். கூடவே தரகு வேலை பார்க்கும் கந்தப்பு மாமா. காத்திருந்த நேரமெல்லாம் நேசம்மா காப்பியை அடுப்பில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

சண்முகரத்தினம் விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"கிள்ளான், அங்கிள்."

"அது இருக்கிற இடம். நான் ஊரைக் கேட்டனான்."

"ஓ. தாத்தா வட்டுக்கோட்டை. நான் பார்த்ததில்ல."

சண்முகரத்தினமும் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் வட்டுக்கோட்டை என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. மனிதர்களை ஊர் வாரியாகத் தரம் பிரிப்பதில் அவருக்கு இணையே கிடையாது.

குணம் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை டம்ளரை எடுத்தான். அவளை ஒருமுறை பார்த்தான், பதற்றமாகச் சிரித்தான், கண்ணை மூடினான். பிறகு, சர்ரென்று கூடமே அதிரும்படி ஒரு வாய் உறிஞ்சினான். இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி ஓடவிட்டான். பக்கத்து மேசையிலிருந்த குவளையை எடுத்து அதில் துப்பினான்.

அது ரிட்டையரானபோது ரயில்வே கொடுத்த வெள்ளீய பியூட்டர் குவளை. சண்முகரத்தினத்தின் பெயரும் முப்பது வருஷமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன.



"பழக்கம், அங்கிள்," என்றான் விக்னராஜா, கண்ணைத் திறந்து, தான் செய்த காரியத்தைப் பார்த்து. "கடையில ஒவ்வொரு மூட்டையும் இப்படித்தான் ருசி பார்க்கணும். எல்லாத்தையும் முழுங்கினா ராத்திரி தூக்கம் வராது. சாரி. ரொம்ப சாரி."

"தம்பி," என்றார் நேசம்மா, "அது உங்கட கடைத் தூள்தான். நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு கந்தப்பு அண்ணரை அனுப்பி வாங்கினனான்."

கந்தப்பு தலையாட்டினார். குணத்துக்குச் சட்டென்று அவன்மீது இரக்கம் வந்தது. தூள் மோசம் என்றால் தொழில் போச்சு. தூள் நல்லது என்றால் பெண் மோசம். இதுவரை வந்தவர்களாக இருந்தால் இந்நேரம் "பிரமாதம், ஆன்டி" என்று இரண்டாவது டம்ளர் கேட்டிருப்பார்கள்.

விக்னராஜா டம்ளரை இன்னொருமுறை மோந்து பார்த்தான்.

"மேருவில விளைஞ்ச கொட்டை. தூள்ல தப்பில்ல, ஆன்டி. இது ரெண்டு மூணு தடவை கொதிச்சிருக்கு."

"கந்தப்பு, இவரைக் கூட்டிக்கொண்டு போம்," என்றார் சண்முகரத்தினம். "தைப்பிங்குக்கு நான் இண்டைக்கே எழுதுறன்."

"மூணு இல்ல, நாலு தடவை," என்றாள் குணம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அம்மா போட்ட காப்பி அது. வந்தவங்க எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னதும் அதையேதான். இவரு ஒருத்தருதான் உண்மையச் சொல்லியிருக்காரு."

"பிள்ளை!" என்றார் நேசம்மா.

குணம் விக்னராஜாவைப் பார்த்தாள். "வேன்ல தூள் இருக்கா?"

"மூணு டின் இருக்கு. பந்திங், மேரு, காப்பார். நான் ஒண்ணோட ஒண்ணு கலக்க மாட்டேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ருசி."

"அப்ப போட்டுக் காட்டுங்க லா."

பெண் பார்க்க வந்தவன் சமையலறையில் தண்ணீர் கொதிக்கவைப்பது சண்முகரத்தினம் கேள்விப்படாத கூத்து. எழுந்து வெளியே போகலாம் என்றால், அது அவருடைய வீடு. ஆகவே சமையலறை வாசலில் நின்று முறைத்தார். பால் இல்லை, சீனி இல்லை. மூன்று டம்ளர்கள் கூடத்து மேசைக்கு வந்தன.

"சத்தமா உறிஞ்சணும். வெக்கப்படக் கூடாது," என்றான் விக்னராஜா.

குணம் பந்திங்கை உறிஞ்சினாள். சத்தம் அவனுடையதைத் தோற்கடித்தது. குவளையை எடுத்துத் துப்பினாள். சண்முகரத்தினத்தின் முப்பது வருஷச் சேவையில் பத்து வருஷம் அதில் மூழ்கியது.

"பழுத்த பலாப்பழத்த மழைல விட்ட மாதிரி."

"பலா சரி. மழை எனக்குத் தெரியல," என்றான் அவன்.

மேரு. உறிஞ்சல், துப்பல். "இது பரவால்ல. ஆனா அம்மா கொதிக்கவச்சது இன்னும் நாக்குல நிக்குது." வாசலில் நேசம்மா பெருமூச்சு விட்டார்.

காப்பார் டம்ளரை எடுத்தபோது அவன் தலையைச் சொறிந்தான். "அது கொஞ்சம் புளிக்கும். வறுக்கும்போது சீக்கிரமே இறக்கிட்டேன். என் தப்புதான், கந்தப்பு அங்கிள் போன்ல உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தாரு."

குணம் உறிஞ்சினாள். வாயில் சுழற்றினாள். கூடமே அவள் கை குவளைக்குப் போவதற்காகக் காத்திருந்தது. கை போகவில்லை.

"ஆமா, புளிக்குது," என்றாள். சொல்லிவிட்டு டம்ளரை வாயில் கவிழ்த்து முழுவதையும் குடித்தாள்.

விக்னராஜாவின் காதுகள் சிவந்தன. கந்தப்பு மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணர், தைப்பிங்குக்குத் தபால் செலவு வேண்டாம் போல கிடக்கு."

சண்முகரத்தினம் வெகுநேரம் பியூட்டர் குவளையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசியாக் குடிச்சது எந்த ஊர்க் கொட்டை?"

"காப்பார், அங்கிள்."

"அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது," என்று குறைபட்டுக்கொண்டு, அவர் ஒரு டம்ளருக்குக் கை நீட்டினார்.