பரஞ்சோதியின் காலி நேரங்கள்

பரஞ்சோதி தன் காலி நேரங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி பகிர்ந்த மறுநாள், அவனுடைய செவ்வாய்க்கிழமை மதியத்தில் ஒரு குடும்பம் குடியேறியிருந்தது. வெயில் நன்றாக விழுகிறது என்று அந்த வீட்டு அம்மாள் வற்றல் காயப் போட்டிருந்தாள். பரஞ்சோதி ஓரமாக நின்று சாப்பிட்டு முடித்தான்.

மீட்டிங் வைக்க வசதியாக இருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னதால் பகிர்ந்ததுதான். காலி என்று போட்டால் ஆள் வரத்தானே செய்யும்? புதன் காலையில் ஒருவர் தன் மகனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வியாழன் மாலையை ஒரு கட்சி பொதுக்கூட்டத்துக்கு வளைத்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமையை மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள்.

பரஞ்சோதிக்கு ஒரே ஒரு கவலை. வீட்டில் அவனுக்குப் பார்த்திருந்த சிவகாசித் தமயந்தியை, போனில் பேசியே அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது. இந்த வாரத்துக்குள் அவன் நேரில் பார்த்துப் பேசாவிட்டால் ஷார்ஜா மாப்பிள்ளைக்கே கொடுத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

தமயந்தியே போன் செய்தாள். "உங்க காலண்டரைப் பாத்தேன். நிக்கக்கூட எடமில்ல. ராகு காலம் மட்டும் காலியாக் கெடக்கு."

"அதை யாரும் எடுக்க மாட்டாங்க."

"அப்ப நான் எடுத்துக்கிறேன். நாங்களே வர்றோம்."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அம்மா அப்பாவோடு வந்தாள். ராகு காலம் விசாலமாக, நல்ல காற்றோட்டத்தோடு இருந்தது. நடுவில் பாயில் ராகு பகவான், தலை மட்டும், வீற்றிருந்தார். இத்தனை யுகத்தில் தன்னைத் தேடி யாரும் வந்ததில்லை என்றார். தொண்டை இல்லாததால் அடைக்கவில்லை, கண்தான் கலங்கியது.

"இந்த நேரத்துல பேசினா வெளங்குமா சாமி?" என்று தமயந்தியின் அப்பா இழுத்தார்.

"வெளங்காமப் பண்றது நாந்தானே. பண்ணாம இருந்தாப் போச்சு."

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா," என்றாள் தமயந்தி. கல்யாணத்தையும் ராகு காலத்திலேயே வைப்பது என்று முடிவானது. ஊரில் மண்டபங்கள் எல்லாம் அந்த நேரத்தில் சும்மாதான் கிடந்தன.

பரஞ்சோதிக்கு அக்கா தங்கை கிடையாது. தாலியில் நாத்தனார் முடிச்சை யார் போடுவது என்று தமயந்தியின் அம்மா கேட்டாள்.

ராகு சற்று யோசித்தார். "எனக்குக் கை இல்லம்மா. உடம்பெல்லாம் கேதுகிட்டதான் இருக்கு. வரச் சொல்றேன்."

அன்றைக்கே எல்லோருமாகப் போய்க் கேதுவுக்கு நாத்தனார் பட்டு எடுத்தார்கள். தலை இல்லாததால் பூ மட்டும் வாங்கவில்லை.