கடைசி மூன்று ஒளியாண்டு

கணவர் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவள் பழையபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

கணவனுக்கும் மனைவிக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே வேலை. பிரபஞ்சம் பிறந்த புதிதில் இரண்டு கேலக்ஸிகள் மோதிக் கலந்தால், அவற்றின் நடுவிலிருக்கும் ராட்சதக் கருந்துளைகள் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. எல்லோருடைய புரோகிராமிலும் ஒரு வரி இருக்கும்: இரண்டும் ஓரளவு நெருங்கிவிட்டால் ஒன்றாகிவிட்டதாக வைத்துக்கொள், பட்டியலில் சிறியதன் எண்ணை அழித்து, எடையைப் பெரியதில் சேர். அவர் மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டார்.

"தானா சேந்தா சேரட்டும். சேத்து வைக்க நான் என்ன கல்யாணத் தரகனா?"

அவர் ஓட்டியதில் இரண்டும் மூன்று ஒளியாண்டு தூரம் வரை நெருங்கின. அதற்கு மேல் நெருங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. பாதியில் அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவருடைய லாகினை அழிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் குண்டூசி. ஆள் அப்படி ஒல்லி. அவள் அன்று காலையிலேயே அவர் கடைசியாகச் சேமித்து வைத்ததைத் தன் பக்கம் எடுத்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள்.

மூன்றரைக்குக் குண்டூசி எட்டிப் பார்த்தான். திரையில் ஒரே புள்ளி.

"அடேங்கப்பா, சேந்துடுச்சே அக்கா! அண்ணன் ரெண்டு வருஷம் தலகீழா நின்னாரு. நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க!"

அவள் பட்டியலைப் பார்த்தாள். இரண்டாம் எண் இல்லை. மொத்த எடை கொஞ்சமும் குறையவில்லை; தானாகச் சேர்ந்திருந்தால் குறைந்திருக்கும். ஓடத் தொடங்கியதுமே சேர்ந்திருந்தது. கைப்பழக்கத்தில், அவர் கோப்பைத் தன் புரோகிராமில் ஓட்டியிருக்கிறாள். அதில் அந்த வரி இருக்கிறது. அவள் எடுத்து வைத்த பிரதியின் மேலேயே புதியது பதிவாகிவிட்டது.

"அவர் லாகின் இருக்கா?"

"நாலு மணி வரைக்கும் இருக்கு. ஏன்க்கா, அதான் சேந்துடுச்சே?"

"சேரல. நான் சேத்து வச்சிட்டேன்."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இந்த முறை அவருடைய புரோகிராமையும் சேர்த்து எடுத்தாள். பெரிய கோப்பு. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாக நான்கு நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. ஓட்டினாள். இரண்டு புள்ளிகள்.

"இப்ப அழிச்சுக்கோப்பா."

அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். முடிவு எழுதும் இடத்தில், 'இதுவரை சேரவில்லை' என்று எழுதினாள். பிறகு மதியச் சாப்பாட்டு நினைவு வந்து டப்பாவைத் திறந்தாள். காலி. எப்போதோ சாப்பிட்டிருக்கிறாள்.