மூன்றாவது ஸ்கிரீன்

"மீன் வேண்டாம், பூ வேண்டாம், அருவியும் வேண்டாம். வெறும் வெள்ளையைப் போட்டுக் காட்டுங்க" என்றேன். கடை ஜன்னலுக்கு விளம்பர ஸ்கிரீன் கொண்டுவந்திருந்தவர் ரிமோட்டும் கையுமாக என்னையே பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் எந்தக் கடைக்காரரும் அவரிடம் வெள்ளையைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கலர் கலராக எதையாவது ஓடவிட்டால் ஒரு குறையும் கண்ணில் படாது என்று எனக்குத் தெரியாதா? கீறல் விழுந்த பிரேமை நான் மட்டும் என்ன, விளக்குக்கு நேர்கீழேயா வைக்கிறேன்? விற்கிறவர் புத்தி எனக்கு அத்துப்படி.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னறையில் என் கணவர் கண் பரிசோதித்துப் பவர் எழுதித் தருவார். முன்னறையில் நான் பிரேம் காட்டுவேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. போன வருஷம் எதிர்ப்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கடை வந்தது. அவர்கள் ஜன்னலில் ஆளுயரத்துக்கு ஒரு ஸ்கிரீன். அதில் ஒரு பெண் நாள் முழுக்கக் கண்ணாடியைப் போடுகிறாள், கழற்றுகிறாள், சிரிக்கிறாள். எங்களிடம் பத்து வருஷம் வந்தவர்கள்கூட அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அங்கே ஏறிவிடுகிறார்கள். நமக்கும் ஒன்று வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். "அதான் போர்டு இருக்கே" என்றார் இவர். வெயிலில் வெளுத்துப்போய், என்ன கடை என்று எங்களுக்கே சந்தேகம் வருகிற போர்டு அது. என் பிடுங்கல் தாங்காமல்தான் ஒத்துக்கொண்டார்.

ஸ்கிரீன்காரரை நான் லேசில் விடவில்லை. "வீட்டு டிவி ஒண்ணை வாங்கி மாட்டினா ஆகாதா? இதுக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா, வீட்டு டிவி சாயங்காலம் நாலு மணி நேரம் ஓடும். இது காலைல கடை திறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும் ஓடணும். உங்க ஜன்னல் மேற்கு பார்த்தது. வெயில் அடிக்கிறப்ப வீட்டு டிவியில உங்க முகம்தான் தெரியும், விளம்பரம் தெரியாது. இதோட வெளிச்சமே வேற."

காது குத்துகிறார் என்றுதான் தோன்றியது. அதனால்தான், அவர் ஷோரூமில் வைத்துக் காட்டுவதெல்லாம் வேண்டாம், எங்கள் ஜன்னலில், எங்கள் வெயிலில், நாலு மணிக்குக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அப்படி வந்ததுதான் முதல் ஸ்கிரீன்.

வெள்ளை வந்தது. அம்மாடி, அப்படி ஒரு வெளிச்சம்! எதிர்க்கடை ஸ்கிரீன் பெண் ஒரு நிமிஷம் மங்கித்தான் போனாள். மூலைக்கு மூலை மூக்கை வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இவர் நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு கறை இருக்கே" என்றார்.

"எங்க சார்?"

"நடுவுலதான். சாம்பல் நிறமா, காசளவுக்கு."

ஸ்கிரீன்காரர் துணியால் துடைத்தார், குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். கறை எதுவும் இல்லை என்று சாதித்தார். எனக்கும்தான் தெரியவில்லை. ஆனால் லென்ஸில் மயிரிழைக் கோடு இருந்தாலும் தூக்கிப் பிடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற மனிதர் இவர். இவர் கண்ணையா, என் கண்ணையா என்று வந்தால் நான் இவர் கண்ணைத்தான் நம்புவேன். "யாரோ திருப்பிக் குடுத்த பீஸை எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று ஸ்கிரீன்காரரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். பாவம், கழற்றிக்கொண்டு போனார்.

மூன்று நாளில் இன்னொன்று வந்தது. பெட்டியின் ஒட்டுக்கூடப் பிரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, நானே கத்தி வைத்துக் கீறினேன். மாட்டி வெள்ளையைப் போட்டதும் இவர் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தார். பிறகு, "இதுலயும் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்கிரீன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சாருக்கு வாங்க இஷ்டமில்லையோ? வேண்டாம்னா நேரா சொல்லிடலாமே, எதுக்கு இல்லாத கறை?"

போய்விட்டார். அவர் சொன்ன சொல் போகவில்லை. நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. அதுவரை ஸ்கிரீன்காரர் மேல் இருந்த சந்தேகம் முழுக்க அன்று ராவோடு ராவாக இவர் பக்கம் திரும்பிவிட்டது. யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நாலைந்து மாசமாக இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. என் காதைப் பார்க்கிறார், பின்னாலிருக்கிற சுவரைப் பார்க்கிறார். போனை மூலையில் கொண்டுபோய் மூக்குக்கருகில் வைத்துக்கொள்கிறார். நான் பக்கத்தில் போனால் பாக்கெட்டில் போட்டுவிடுகிறார். போன மாசம் எதிர்க்கடை முதலாளி இவரிடம் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசியதும் ஞாபகம் வந்தது. கடையை அவனுக்கு விற்கப் போகிறார்! அதற்குத்தான் நான் கேட்ட ஸ்கிரீன் வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் இருபத்திரண்டு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்.

மூன்றாவது ஸ்கிரீன் வந்த அன்று நான் தயாராக இருந்தேன். லென்ஸை வெட்டும் முன், போடுகிறவரின் கருமணி அதில் எங்கே வரும் என்று புள்ளி வைத்துக்கொள்ள ஒரு பேனா வைத்திருக்கிறோம். துடைத்தால் போய்விடும் மை. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்" என்றேன். ஸ்கிரீன்காரர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளை வந்தது. "கறை இருக்கா?" என்று இவரைக் கேட்டேன். "இருக்கு" என்றார். எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். விரல் வைத்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தேன். பிறகு வாசல் பக்கம் நிறுத்தி, "இப்ப அங்கேர்ந்தே சொல்லுங்க" என்றேன். "மேல... இன்னும் மேல... அங்கதான்" என்றார். முதல் புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி இரண்டாவது விழுந்தது. நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டேன். மூன்றாவது எங்கேயோ ஓரத்தில் விழுந்தது. ஏற்கெனவே வைத்த புள்ளிகளைப் பார்த்தாவது ஒரே இடத்தைச் சொல்ல வேண்டாமா? பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன்!

"மாட்டிக்கிட்டீங்களா!" என்று கத்தினேன். "ஒரு கறை, மூணு இடத்துலயா இருக்கும்? நீங்க எங்க பாத்தாலும் அங்கெல்லாம் அதுவும் கூடவே..."

பின்னறையிலிருந்து நூறு தடவை என் காதில் விழுந்திருக்கிறது அந்தக் கேள்வி. கண்ணில் ஏதோ மறைக்கிறது என்று வருகிறவர்களிடம் இவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆமாம் என்றால் மறைப்பு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்; அப்படிப்பட்டவருக்கு இவர் கண்ணாடி எழுத மாட்டார். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதித் தருவார்.

பேனாவைக் கீழே வைத்தேன். "நீங்க பாக்குற பக்கமெல்லாம் கூடவே வருதா?"

இவர் தலையசைத்தார்.

ஸ்கிரீன்காரர் சட்டென்று உட்கார்ந்து, சிக்கலே இல்லாத ஒயரைச் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு கண்ணுலயுமா?"

"மொதல்ல ஒண்ணுலதான். இப்ப ரெண்டுலயும்."

"தினம் ஊருக்கெல்லாம் பாக்குறீங்களே, உங்களுக்குப் பாத்துக்கலையா?"

"பாத்தேன். மாசாமாசம் நம்ம எழுத்து சார்ட்டுக்கு முன்னாடி நின்னேன். கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து தப்பில்லாம சொன்னேன். சரியாத்தான் இருக்குன்னு சந்தோஷமா வந்து உக்காருவேன். அந்தச் சார்ட்டை நான் தூக்கத்துலயும் சொல்லுவேனேன்னு யோசிக்கவே பயமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் சார்ட் எனக்கே தலைகீழாகத் தெரியும்.

"யாருக்கும் தப்பா எழுதலைம்மா" என்றார் அவசரமாக. "மெஷின் சொல்றதையும் அவங்க வாயால சொல்றதையும் வச்சுத்தான் எழுதுறேன்."

"அதை நான் கேட்டேனா? என் மூஞ்சியப் பாத்து ஏன் பேசலை? அதைச் சொல்லுங்க."

"நேரா பாத்தா நீ இருக்க மாட்ட. கொஞ்சம் தள்ளிப் பாத்தாதான் தெரியுற."

அட பாவி மனுஷா. நான் உன்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

"மொத ஸ்கிரீன்ல நெஜமாவே கறைன்னுதான் நெனச்சேன்" என்றார். "ரெண்டாவதுல தெரிஞ்சுபோச்சு. இது... இதுவாவது கெட்டுப்போனதா இருக்கணுமேன்னு காலைலேர்ந்து வேண்டிக்கிட்டே இருந்தேன்."

நான் ஸ்கிரீன்காரரிடம் திரும்பி, "இதையே மாட்டிடுங்க. நல்ல பீஸ்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை எடுத்தார். நான் ஈரத்துணியால் மூன்று புள்ளிகளையும் அழித்தேன். போனிலிருந்தே அதில் எழுத்துப் போடுவது எப்படி என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றே எழுதினேன். ‘இன்று கடை விடுமுறை. நாளை வழக்கம்போல்’ என்று அடித்துவிட்டு, இரண்டாவது வரியை அழித்தேன். நாளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மிச்சத்தைப் போட்டதும் ஜன்னலில் எழுத்து ஒரு முழ உயரத்துக்கு எரிந்தது. இவர் அதற்கு நேரே போய் நின்றார். ஒரு விலைச்சீட்டைக்கூடத் தான் படித்துச் சரிபார்க்காமல் ஒட்ட விடாதவர். நான் பூட்டும் சாவியுமாகப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன போட்டிருக்க?" என்றார். "படிச்சுக் காட்டு."

தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரன் வாசலுக்கு வந்து பார்த்தான். பார்க்கட்டும். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகப் படித்தேன். வார்த்தைக்கு வார்த்தை இவர் தலையாட்டினார்.