கேப்டன் சொல்லாமல் அடிக்கக்கூடாதது

1

இந்தக் கதை மருந்துக்கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற அப்பாவும் மகளும் பேசியதை ஒட்டுக்கேட்டேன். காதில் விழாத மீதியை இட்டுக்கட்டுகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: “அன்று கடல் கொந்தளித்து” — வேண்டாம். அந்த அப்பா முப்பது வருடம் கப்பலில் தந்தி அடித்தவர்தான். ஆனால் கதை நடந்தது மாடிப்படியில்.

2

வீடு இரண்டாவது மாடியில். ஏறும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் நாக்கடியில் வைக்கும் மாத்திரை எழுதி, பக்கத்தில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று கிறுக்கிக் கொடுத்தார்.

(குறிப்பு: கப்பலில் அது ஆபத்தில் உதவி கேட்டு அடிக்கும் தந்திக் குறி: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அடிக்கவும் அடையாளம் காணவும் சுலபம் என்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். ‘எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்ற விரிவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மருந்துச் சீட்டில் இருப்பது வேறு. ‘தேவைப்பட்டால்’ என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களின் சுருக்கம்.)

அவருக்குத் தெரிந்தது கப்பல் அர்த்தம் மட்டுமே. ஒன்பது நாள், வலி வந்தபோதெல்லாம் படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

3

பத்தாம் நாள் மகள் பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள்.

“ஏம்பா, ஒண்ணுகூட போட்டுக்கலையா?”

“மூழ்கற நிலைமை இன்னும் வரலைம்மா.”

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். கடையில் அவள் அழவில்லை. அட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, “இவருக்கு நீங்களே சொல்லுங்க” என்றாள்.]

கடைக்கார அம்மா நிதானமாகச் சொன்னார்: “தேவைப்பட்டா போட்டுக்கங்கன்னு அர்த்தம் ஐயா. வலிச்ச உடனே உக்காந்து நாக்கடியில வைங்க. அஞ்சு நிமிஷத்துல குறையலேன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.”

“தேவைன்னு யார் சொல்றது?”

“வலிக்கறவங்கதான் சொல்லணும்.”

அவர் யோசித்தார். “கப்பல்ல கேப்டன் சொல்லாம நாங்க அதை அடிக்க மாட்டோம்.”

“வீட்டுல ஏதுப்பா கேப்டன்?” என்றாள் மகள்.

“உங்கம்மா இருந்த வரைக்கும் அவதான்.”

மகள் மாத்திரையை அவருடைய சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். இருவரும் கிளம்பினார்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்.

4

நான் எழுதிய ஒரு முடிவில் அவர் பிழைத்தார், நம்பும்படி இல்லை. இன்னொன்றில் தாமதமாகிவிட்டது, கிழித்துப் போட்டேன்.

இப்போது கையில் இருப்பது: அவர் பாதி மாடியில் நிற்கிறார். மகள் நாலு படி மேலே. திரும்பிப் பார்த்து, “வலிக்குதாப்பா?” என்று கேட்கிறாள்.

‘இல்லைம்மா’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ஆமாம்மா’ என்றும். வலி என்னுடையதல்ல, எதையும் அவர் வாயில் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் என்ன சொல்லுவார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.