இருபத்தேழு எங்கே போய் நிற்கும்

செவிலிமேட்டு கம்ப்யூட்டர் சென்டரில் சங்கீதா டெமோ கிளாஸ் எடுக்க வந்த நாளாகப் பார்த்துத்தான் பராமரிப்பு வேலை என்று கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். வேறொரு நாள் வரட்டுமா என்று கேட்டாள். சென்டர் நடத்தும் திருஞானசம்பந்தம் விடுகிற ஆளா? "பாடம் உங்க தலையில இருக்குதா, மெஷின்ல இருக்குதாம்மா? நாப்பது நிமிஷம், ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அவளுக்கு இது மூன்றாவது டெமோ. முதல் இடத்தில் குரல் பத்தாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் அதைக்கூடச் சொல்லவில்லை. இதுவும் போனால் மறுபடியும் விடியற்காலை கம்பெனி பஸ், மறுபடியும் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. இன்ஜினியரிங் படித்தவளுக்கு அந்த டேப் சத்தம் கனவில்கூடக் கேட்டது.

வந்திருந்த ஒன்பது பெண்களையும் வட்டமாக உட்கார வைத்தாள். நடுவில் ஒரு நோட்டு.

"கரண்ட் இல்லன்னா என்ன, இன்னிக்கு நாமதான் மெஷின். இரட்டைப்படை எண் வந்தா பாதியாக்குங்க. ஒற்றைப்படை வந்தா மூணால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க. விடையை எழுதி அடுத்தவங்ககிட்ட குடுங்க. அவங்களும் அதையேதான் செய்யணும். ஒண்ணு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இப்படித் திரும்பத் திரும்பச் செய்யறதுதான் லூப். 'ஒண்ணு வந்தா நிறுத்து'ன்னு சொன்னேன் பாருங்க, அது கண்டிஷன்."

ஆறில் தொடங்கினார்கள். மூன்று, பத்து, ஐந்து, பதினாறு என்று போய், எட்டாவது ஆளிடம் ஒன்று வந்து நின்றுவிட்டது. கைதட்டினார்கள். சங்கீதாவுக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

"எந்த எண்ணைக் குடுத்தாலும் இப்படித்தான். பத்துப் பதினஞ்சு தடவைக்குள்ள ஒண்ணுக்கு வந்துடும்" என்றாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பது இதைத்தான். கல்லூரியில் அவள் போட்டுப் பார்த்ததெல்லாம் நாலைந்து சின்ன எண்கள்.

"நட்சத்திரம் இருபத்தேழு இருக்குதே, அதை வைங்க மேடம்" என்றாள் அம்சவேணி. பட்டுத்தறியில் நெடுக்கு நூலான பழைய பாவு தீரும்போது அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக இணைத்து முறுக்குகிறவள் அவள்.

முதல் சுற்று முடிகையில் எழுபத்தொன்று. சரி, இறங்கும் என்று சங்கீதா காத்திருந்தாள். நாலாவது சுற்றில் ஆயிரத்தைத் தாண்டியது. இறங்குவது போலப் பாசாங்கு செய்யும், பிறகு முன்னைவிட மேலே ஏறும். ஒன்பதாவது சுற்றில் ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு!  சங்கீதா நோட்டை வாங்கி முதல் வரியிலிருந்து சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை.

"டைம் முடிஞ்சிதும்மா" என்றார் திருஞானசம்பந்தம்.

"இதோட நிறுத்திக்கலாம்பா" என்றாள் சங்கீதா.

"அதெப்படி மேடம்? ஒண்ணு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" அம்சவேணி நோட்டை இழுத்துக்கொண்டாள். "நாலாயிரம் இழைய முடிச்சிக்கினு போறவ நான். நடுவுல எழுந்துட்டா எந்த இழை எதுக்குன்னு தெரியாது. நீ போடு வள்ளி" என்று பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினாள்.

போட்டார்கள். ஆயிரத்து நூற்று ஐம்பத்து நாலு. அறுபத்தொன்று. அவசர அவசரமாக வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருந்தவர்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் எண்களை வாய்விட்டுச் சொன்னார்கள். பத்து. ஐந்து. பதினாறு. எட்டு. பதின்மூன்றாவது சுற்றில் மூன்றாவதாக இருந்த வள்ளி "ஒண்ணு" என்றாள். சத்தமே வரவில்லை அவளுக்கு.

நூற்றுப்பதினொரு தடவை. யாரும் கைதட்டவில்லை. கர்ப்பக்கிரகத்தில் திரை விலகியதும் ஒரு கணம் பேச்சு நிற்குமே, அந்த அமைதி. சங்கீதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றரை வரி விதி. இவ்வளவு உயரம் போய்விட்டு எப்படித் திரும்பி வந்தது?

"எல்லா எண்ணும் இப்படி வந்துடுமா மேடம்?" என்றாள் வள்ளி.

ஆமாம் என்று தலையாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? போனை எடுத்துத் தேடினாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"நான் சொன்னது தப்புப்பா. கோடானுகோடி எண்ணைப் போட்டுப் பார்த்துட்டாங்களாம், எல்லாம் ஒண்ணுக்குத்தான் வந்துச்சாம். ஆனா எல்லா எண்ணும் வருமான்னு இதுவரைக்கும் உலகத்துல யாராலயும் நிரூபிக்க முடியலையாம். பெரிய பெரிய கணக்கு மேதைங்களுக்கே தெரியலையாம்."

"நம்ம போட்ட இதுவா?" அம்சவேணி நோட்டின் மேல் கை வைத்தாள். "மூணால பெருக்குறது, பாதியாக்குறது... இதுவா?"

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போச்சு, வேலை போச்சு என்று சங்கீதா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திருஞானசம்பந்தம் வட்டத்தில் பத்தாவது ஆளாக உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு கரண்ட் வந்ததும் இதை மெஷின்ல போட்டுக் காட்டணும், இனிமே நீங்கதான் கிளாஸ் எடுக்கணும்" என்றார். பிறகு தன் ஸ்கூட்டர் நம்பரை நோட்டில் எழுதினார். எழுதிவிட்டுச் சின்னப் பையனைப் போல நிமிர்ந்து பார்த்தார். "இது எறங்குமாம்மா?"

"தெரியாது சார்" என்றாள் சங்கீதா. அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக அவள் சொன்னதேயில்லை.